மே மாதத்திலும் ரத்தம் வேண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்தது.)



என்னை ரத்த தானம் பற்றிப் பேசச் சொன்னார்கள். முன் வரிசையில் இருக்கிற என் வகுப்புத் தோழர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

1982-ல் நம் கல்லூரியில் என்.எஸ்.எஸ். சார்பில் ரத்த தான முகாம் நடந்தது. பட்டியலில் என் பெயரும் இருந்தது. அந்தக் காலத்தில் ரத்தத்தைக் கண்ணாடி பாட்டிலில் எடுப்பார்கள். அந்த பாட்டில்களை வேனிலிருந்து இறக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவ்வளவுதான். நேரே விடுதி மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வேன் போன பிறகுதான் இறங்கி வந்தேன். அதோடு விட்டேனா? ரத்தம் கொடுத்தவர்களுக்கு என்று வைத்திருந்த குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஒரு பாக்கெட்டையும் காலி செய்தேன். அந்த பிஸ்கட் கடன் 17 வருஷம் கழித்து என்னைத் தேடி வந்தது.

1999 ஏப்ரல். என் மகளுக்கு ஆறு வயது. விட்டு விட்டுக் காய்ச்சல், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு, காலில் அங்கங்கே அடிபட்ட மாதிரி நீலத் திட்டுகள். பரிசோதித்துப் பார்த்ததில் ரத்தப் புற்றுநோய், லுகேமியா என்று தெரிந்தது. ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்த்தோம். மருந்து ஆரம்பித்தார்கள். அந்த மருந்து புற்றணுக்களை அழிக்கும்போது எலும்பு மஜ்ஜையின் வேலையையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவிடும். அந்தச் சமயத்தில் சிவப்பணுவும் இருக்காது, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுவும் இருக்காது. வெளியிலிருந்து கொடுத்துத்தான் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும்.

மே மாதம் இரண்டாவது வாரம், கத்திரி வெயில். ஒரு நாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணு, 8,000 இருந்தது. டாக்டர் சொன்னார்: "பத்து கிலோவுக்கு ஒரு யூனிட் கணக்கு. பாப்பா 18 கிலோ. பி பாசிட்டிவ் ரெண்டு பேரை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

ரெண்டு பேர்தானே என்று நினைத்தேன். நானே பி பாசிட்டிவ்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்றுவிட்டார். விழுப்புரத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்த என் மச்சானையும் வேண்டாம் என்றார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் தங்கச்சி பொண்ணுக்கு என் ரத்தம் ஆகாதா?" என்று கேட்டே விட்டார்.

காரணம் இதுதான். நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தில் உள்ள சில வெள்ளையணுக்களை, நோயாளியின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடக்கூடும். அவை உள்ளே தங்கி, பிறகு அந்த உடம்பையே தாக்கும். அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் பிழைப்பது கடினம். ரத்தப் பையின் மீது கதிர்வீச்சு செலுத்தி அதைத் தடுக்கலாம். அந்த இயந்திரம் எல்லா இடத்திலும் கிடையாது. சொந்த ரத்தம், சொந்த ரத்தம் என்று எவ்வளவு பெருமை பேசுகிறோம்! அன்றைக்கு என் மகளுக்கு வேண்டியிருந்தது, எங்களுக்கு எந்த உறவும் இல்லாத ஒருவருடைய ரத்தம்.

ரத்த வங்கியில் இருந்த டெக்னீஷியன் நல்ல மனுஷன். என் மச்சானைச் சமாதானப்படுத்தினார். "நீங்க குடுங்க அண்ணே. அது வேற ஒரு குழந்தைக்குப் போகும். வேற யாரோ குடுத்தது உங்க பாப்பாவுக்கு வரும். இந்த வேலையே அப்படித்தான்" என்றார். பிறகு என்னிடம் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்: "மார்ச்ல கேட்டிருந்தீங்கன்னா வேண்டிய அளவு இருந்தது சார். இப்ப காலேஜ் எல்லாம் லீவு விட்டுட்டாங்களே."

தொலைபேசி பூத்தில் உட்கார்ந்து டைரியில் இருந்த அத்தனை பேருக்கும் போன் செய்தேன். ஒருவருக்கு மூணு மாதம் முன்னால் மஞ்சள் காமாலை. ஒருவர் குடும்பத்தோடு கொடைக்கானல். ஒருவர் வந்தார், எடை பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் ஒருவன் தானாக வந்து பேசினான். "பி பாசிட்டிவ்தானே சார்? ஆளுக்கு 600 ரூபா. அரை மணியில முடிச்சிடலாம்."

பணத்துக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் அளித்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடை செய்திருந்தார்கள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் என் கை சட்டைப் பைக்குப் போனது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வார்டு ஆயா ஒருவர்தான் தடுத்தார். "வேணாம் சார். அவனுங்க போன வாரமும் குடுத்தானுங்க, அதுக்கு முந்தின வாரமும் குடுத்தானுங்க. தண்ணியாத்தான் இருக்கும். என்ன சீக்கு இருக்கோ."

அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 1986-ல் நம் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியை ரத்தப் பரிசோதனையில் கண்டறிந்தார்கள். அதன் பிறகுதான் ரத்த வங்கிகளில் அந்தப் பரிசோதனை கட்டாயமாயிற்று. ஆனால் தொற்று ஏற்பட்ட புதிதில் சில நாட்களுக்கு எந்தப் பரிசோதனையிலும் கிருமி தெரியாது. காசுக்காக வருகிறவன் உண்மையைச் சொல்ல மாட்டான். தானாக முன்வந்து கொடுப்பவருக்குப் பொய் சொல்ல அவசியமே இல்லை. ரத்தத்தின் பாதுகாப்பு பாதி பரிசோதனையில், பாதி கொடுப்பவரின் நேர்மையில்.

வேறு வழி தெரியாமல் ஆட்டோ பிடித்து இங்கே, நம் கல்லூரிக்கு வந்தேன். விடுதியில் நானூறு பையன்கள் இருப்பார்களே, ரெண்டு பேர் கிடைக்க மாட்டார்களா? விடுதி பூட்டிக் கிடந்தது. வேப்ப மரத்தடியில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். விடைத்தாள் திருத்த வந்திருந்த ஆசிரியர்களுக்குச் சமைப்பதற்காக மெஸ்ஸில் ரெண்டு பேர் இருந்தார்கள். ஆய்வகத்தில் ஊருக்குப் போகாத ஆராய்ச்சி மாணவர் ஒருவர். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வாட்ச்மேன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாலு பேரும் வந்தார்கள். அதில் மெஸ் மாஸ்டரும் வாட்ச்மேனும் பி பாசிட்டிவ்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் வாட்ச்மேன் சொன்னார்: "பதினெட்டு வருஷமா இந்த கேட்ல இருக்கேன் சார். வருஷா வருஷம் கேம்ப் நடக்குது. எங்களை யாரும் குடுக்கிறியான்னு கேட்டதில்ல."

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த அன்றைக்கும் அவர் இதே கேட்டில்தான் நின்றிருப்பார்.

ராத்திரி பத்து மணிக்குப் பரிசோதனை எல்லாம் முடிந்து பை வந்தது. சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வெளிர் மஞ்சள் நிறம். அதுதான் தட்டணு. விடிவதற்குள் மூக்கில் ரத்தம் நின்றுவிட்டது.

எனக்காவது ஒரு டெலிபோன் டைரி இருந்தது. பக்கத்துக் கட்டில் பையனின் அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த விவசாயக் கூலி. சென்னையில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஒவ்வொரு முறை ரத்தம் வேண்டும்போதும் அவர் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் கும்பிட்டுக் கேட்பார். ஜூலை மாதம் அந்தப் பையன் இறந்துவிட்டான். ரத்தம் கிடைக்காததால் இல்லை, நோய் முற்றியிருந்தது. ஆனால் அவன் உயிரோடு இருந்த அந்த ரெண்டு மாதத்தில், அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட வாசலில் நின்ற நேரம்தான் அதிகம். பையன் என் மனைவியிடம், "எங்கப்பா எங்க அத்தை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான்.

நண்பர்களே, நீங்கள் ரத்தம் கொடுத்தால் உயிர் காப்பாற்றலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். நான் அதைவிடச் சின்னதாக ஒன்று சொல்கிறேன். வங்கியில் ரத்தம் இருந்தால், ஒரு அப்பா தன் பிள்ளையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

இனி, கொஞ்சம் கணக்கு. நாம் கொடுப்பது 350 மில்லி. 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லியும் எடுப்பார்கள். நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. போன நீர்ப்பகுதி ஒன்றிரண்டு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிரம்பிவிடும். இன்னொரு பக்கம் பாருங்கள்: 3 கிலோ எடையுள்ள பச்சைக் குழந்தையின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே கிட்டத்தட்ட 250 மில்லிதான். நம் ஒரு பையைவிடக் குறைவு. அதனால்தான் குழந்தைகளுக்கு என்று ஒரே பையைச் சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்து வைக்கும் முறை இருக்கிறது.

இந்தப் பிளாஸ்டிக் பைகளும் நம் பக்கத்துச் சாதனைதான். 1980-களில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ரத்தப் பை தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே உருவாக்கியது. கண்ணாடி பாட்டில் போய் பை வந்ததால்தான் ரத்தத்தைச் சுலபமாகப் பிரிக்க முடிகிறது. ஒரு பையிலிருந்து சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று மூன்று கிடைக்கும். அதில் பிளாஸ்மாவை உறைய வைத்து ஒரு வருஷம் வைத்திருக்கலாம். சிவப்பணு, பையில் உள்ள திரவத்தைப் பொறுத்து, 35 முதல் 42 நாள் தாங்கும். தட்டணு 5 நாள்தான்.

இந்த 42, 5 என்ற இரண்டு எண்களை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் முதல் வாரம் கல்லூரியில் பெரிய முகாம் நடத்தி 300 பேர் கொடுக்கிறோம். போட்டோ எடுக்கிறோம், பத்திரிகையில் போடுகிறோம். சந்தோஷம். ஆனால் ஆறாவது நாள் அதில் ஒரு தட்டணுகூடப் பயன்படாது. ஏப்ரல் பாதிக்குள் சிவப்பணுவும் காலாவதி ஆகிவிடும். அதற்குப் பிறகு தேர்வு, அப்புறம் லீவு. ஜூன் கடைசி வரை கொடுக்க ஆளில்லை.

நோய்க்கு லீவு உண்டா? தலசீமியா என்று ஒரு பரம்பரை நோய். அது கடுமையாக உள்ள குழந்தைக்குச் சரியான சிவப்பணு உற்பத்தியாகாது. 2 முதல் 5 வாரத்துக்கு ஒரு முறை, மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தால் தவிர, ஆயுள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டும். அந்தக் குழந்தைக்கு மே மாதமும் ஒன்றுதான், தீபாவளியும் ஒன்றுதான். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் எத்தனை ஊரிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! திருவண்ணாமலைக்காரர் மாதிரி, இந்த ஊரில் யாரையும் தெரியாதவர்கள்தான் அதில் நிறையப் பேர்.

அதனால் என் வேண்டுகோள் முதலில் பழைய மாணவர்களுக்கு. கல்லூரி மூடினாலும் நாம் ஊரில்தான் இருக்கிறோம். நமக்கு செமஸ்டர் இல்லை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் நம்முடையதாக இருக்கட்டும். ஒரே நாளில் கூட்டம் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு வருஷத்து வகுப்பும் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளட்டும். வாரம் பத்துப் பேர் போய்க் கொடுத்தால், ஒரு நாளில் நூறு பேர் கொடுப்பதைவிட அது பெரிய உதவி. தட்டணு மட்டும் கொடுக்கும் முறையும் இருக்கிறது. இயந்திரம் தட்டணுவை எடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒன்றரை மணி நேரம் போல ஆகும். நேரம் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள்.

மாணவர்களுக்கு: 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5. இது இருந்தால் போதும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்குங்கள். பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். படிவத்தில் கேட்கும் கேள்விகளுக்கு நண்பன் பக்கத்தில் நிற்கிறானே என்று வெட்கப்பட்டுப் பொய் சொல்லாதீர்கள். கொடுக்க முடியாது என்று தெரிந்தால் கொடுக்காமல் திரும்புவதும் அந்தக் குழந்தைக்குச் செய்கிற உதவிதான்.

மாணவியருக்கு ஒரு வார்த்தை. ஆசையாக வரிசையில் நின்று, ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டு முகம் வாடிப் போகிற பிள்ளைகளை எத்தனையோ முகாமில் பார்த்திருக்கிறேன். இது உங்கள் குறை இல்லை. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச் சத்து மாத்திரை, முருங்கைக்கீரை என்று உங்கள் உடம்பை முதலில் கவனியுங்கள். ரத்தம் பிறகு கொடுக்கலாம்.

கல்லூரி நிர்வாகத்துக்கு ஒன்றே ஒன்று. அடுத்த முகாமில் வாட்ச்மேனையும், மெஸ் ஊழியர்களையும், அலுவலக உதவியாளர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். கோடையில் இந்த வளாகத்தில் இருக்கிறவர்கள் அவர்கள்தான்.

என் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். இரண்டரை வருஷம் சிகிச்சை முடிந்து பிழைத்துக்கொண்டாள். முப்பது வயதைத் தாண்டிவிட்டாள். வேலைக்குப் போகிறாள். அவள் ரத்தம் கொடுக்க முடியாது; புற்றுநோய் வந்தவர்களிடம் எடுப்பதில்லை. அவள் வாங்கிய கடனை அவள் திருப்ப வழியில்லை. நான்தான் 1999 முதல் வருஷத்துக்கு இரண்டு முறை கொடுத்து வருகிறேன். அதில் ஒன்று கண்டிப்பாக மே மாதம்.

எனக்கு இப்போது 62 வயது. 65 வரைதான் எடுப்பார்கள். இன்னும் மூன்று மே மாதம் எனக்கு உண்டு. அதற்கப்புறம் அந்த இடம் காலி.

வாசலில், பதிவு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வாரம் வாரமாகக் கோடு போட்டிருக்கிறது. மே இரண்டாவது வாரத்தில் முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் முன் வந்து பாருங்கள். ரத்தம் கொடுப்பவர்களுக்கு பிஸ்கட் பாக்கெட் என் செலவு. 1982-ல் எடுத்ததற்கு அது வட்டி.